லிஃப்ட் வாசலில் ஒரு கை

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். எனக்குக் குரல் உயராது. இதுவும் உரக்கச் சொல்கிற கதை இல்லை. ஓர் அப்பா, ஒரு மகள், செத்துப்போன ஓர் அம்மா, ஒரு பழைய லிஃப்ட். அவ்வளவுதான். இனிக்க இனிக்கச் சொல்லுவேன் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். கேட்டு முடித்தபின் வீட்டுக் கதவைச் சாத்தும்போது உங்கள் கை ஒரு நொடி தயங்கும். அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. ஏழு மாடி, இரண்டு லிஃப்ட்; அதில் ஒன்று வருஷத்தில் பாதிநாள் படுத்துக் கிடக்கும். கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடம். சனிக்கிழமை நாலு மணியானால் அதில் இரண்டு சங்கம் கூடும். இடப்பக்கம் எழுத்துச் சங்கம், வலப்பக்கம் ஓவியச் சங்கம். நடுவில் சக்கரம் வைத்த பலகைத் தடுப்பு ஒன்று. அது இந்தப் பக்கம் ஓரடி, அந்தப் பக்கம் ஓரடி என்று நகர்ந்துகொண்டே இருக்கும். தடுப்பு நிற்கிற இடத்தைப் பார்த்தே அந்த வாரம் யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

எழுத்துச் சங்கத்தை நடத்துகிறவர் டீச்சர். முப்பது வருஷம் பிள்ளைகளின் வாயை மூடவைத்தவர், ஓய்வு பெற்றபின் பெரியவர்களின் வாயைத் திறக்கவைக்கப் பாடுபடுகிறார். ஓவியச் சங்கத்துக்கு போர்டுக்காரர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். எதை வரைந்தாலும் ஓரத்தில் ஒரு நிழல் கொடுத்துவிடுவார், கடைப் பெயருக்குக் கொடுப்பதுபோல.

“அண்ணே, உங்க ஆளுங்க சிரிக்கிற சத்தத்துல இங்க ஒருத்தரும் அழ முடியல,” என்பார் டீச்சர், தடுப்புக்கு மேல் தலையை நீட்டி.

“அழறதுக்கு எதுக்கு டீச்சர் சங்கம்? அவங்கவங்க வீட்டுல அழுதுட்டுப் போகலாமே. ஃபேன் ஓடற செலவாவது மிச்சம்.”

ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வருவார்கள். அப்பா தடுப்புக்கு எழுத்துப் பக்கம், மகள் ஓவியப் பக்கம். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர். குடியிருப்பில் அவருக்கு மெக்கானிக் சார் என்றே பெயர். மகள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மெழுகில் பல் செதுக்குகிற வேலை. நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது. கல்யாணம் கூடிவரவில்லை, அவளும் அதைக் கூட்டிவைக்க மெனக்கெடவில்லை. அப்பா வாயில் அவள் இன்றைக்கும் பாப்பாதான். நாமும் அப்படியே சொல்லுவோம்.

மெக்கானிக் சார் நல்ல மனுஷர் என்று அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். பொய்யில்லை. ஒருநாள் நாலாம் மாடி அம்மாள் காய்கறிப் பையோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்தினாள்.

“இந்தக் கதவு ஆளைத் தின்னுடும் போலிருக்கே சார்! பை உள்ள, நான் வெளிய!”

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கதவு ஓரத்தில் இருந்த சின்னக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

“இதுக்குக் கண்ணு இருக்குதும்மா. தூசி படிஞ்சு குருடாயிருச்சு. இப்பப் பாருங்க, கையை நீட்டுங்க. பயப்படாம நீட்டுங்க.” கதவு விலகியது. “இது தானா மூடற கதவு, அதான் கண்ணு வெச்சிருக்கான். எங்க காலத்துல மடக்குக் கம்பிக் கதவு. அதுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. ஆளு இழுத்தாத்தான் வரும். என் கையில இருந்த ஒரு கதவும் தானா அசைஞ்சதில்ல.”

பாப்பா பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து என்கிற பொத்தானை அழுத்தினாள்.

அம்மா இறந்து இரண்டு வருஷம். ஆறு மாதம்போல அப்பா ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். டீச்சர்தான் வந்து பேசிப்பேசி அவரைச் சங்கத்தில் சேர்த்தார். “மனசுல இருக்கறத எழுதுங்க சார். பிழை இருந்தா நான் பார்த்துக்கறேன்.” அவர் லிஃப்ட் பழுது எழுதுகிற கையெழுத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுத ஆரம்பித்தார். எல்லாம் அம்மாவைப் பற்றி. அவள் எப்படித் துணி மடிப்பாள், சூப்பில் எப்போது உப்புப் போடுவாள், அவர் வேலை முடிந்து வரும்போது எந்தப் படியில் உட்கார்ந்திருப்பாள். கேட்கிறவர்கள் உருகினார்கள். ‘அவள் கை’ என்று ஒன்று எழுதிப் படித்த சனிக்கிழமை, எழுத்துப் பக்கமிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் தடுப்பைத் தாண்டி வந்தது. பாப்பா அப்போது ஒரு தக்காளிக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“...அவள் கை பூ வரைந்த கை. தையல்கடைகளுக்குத் துணியில் பென்சிலால் பூவேலை வரைந்து கொடுப்பாள். அவள் வரைந்த கோட்டின்மேல்தான் ஊரே ஊசி ஓட்டியது. எங்களுக்காக ஒருநாள் அந்தப் பென்சிலைத் தானே கீழே வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை. ஏன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை...”

தூரிகை தக்காளியை விட்டு வெளியே போய்விட்டது. போர்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா பல்லுக்காரி, தக்காளி அழுகிப்போச்சா?”

“ஆமாண்ணே. வெச்சு ரொம்ப நாளாச்சு.”

இப்போது அந்தச் சங்கங்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கதை அதில்தான் முடிச்சுப்போட்டு நிற்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை தடுப்பை எடுத்துவிடுவார்கள். எழுத்துச் சங்கத்தார் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி, மடித்து, வண்ணம் கரைக்கிற பிளாஸ்டிக் வாளியில் போடவேண்டும். ஓவியச் சங்கத்தார் கையை விட்டு ஆளுக்கொன்று எடுக்கவேண்டும். எது வந்ததோ அதற்குத்தான் படம். மாற்றிக்கொள்ளக் கூடாது, மறுக்கக் கூடாது. எழுத்தையும் படத்தையும் ஜோடி ஜோடியாகக் கூடத்தில் மாட்டிக் கண்காட்சி வைப்பார்கள். எல்லோருக்கும் பிடித்த ஜோடிக்குச் சட்டம் போட்டு, தரைத்தளத்து லிஃப்ட் வாசலில் மாட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம்வரை அங்கேயே தொங்கும். வேலைக்குப் போகிறவன், பால் வாங்கப் போகிறவள், பள்ளிக்கூடப் பிள்ளை, எல்லோரும் லிஃப்ட் வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

பாப்பா வாளிக்குள் கைவிட்டு எடுத்தாள். பிரித்தாள். ‘அவள் கை’. லிஃப்ட் பழுது எழுதுகிற கையெழுத்து.

“போர்டுக்காரண்ணே, இதை மட்டும் மாத்திக் கொடுங்க.”

“அதெல்லாம் முடியாது. போன வருஷம் எனக்கு அந்த நாய்க்குட்டிக் கவிதை வந்துச்சு. எனக்கு நாய்னாலே ஆகாது, தொடையில தையல் இருக்கு, காட்டவா? வரைஞ்சேனா இல்லையா?”

“அது கன்னுக்குட்டி மாதிரி இருந்துச்சுண்ணே,” என்றார் பின்னால் யாரோ.

“கன்னுக்குட்டியோ கழுதையோ, வரைஞ்சேன்ல? சட்டம்னா சட்டம்.”

டீச்சர் பாப்பா கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். “ஐயோ, அப்பா எழுத்துக்குப் பொண்ணு படம்! இது வேணும்னு தேடினா கிடைக்குமா? லிஃப்ட் வாசல் உங்களுக்குத்தான். இப்பவே ஆணி அடிச்சு வெச்சிடலாம்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவே டீ போட்டார். ரொட்டியை வாட்டி, ஓரம் கருகின துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு நல்லதை அவளுக்குத் தள்ளினார். எப்போதும் அப்படித்தான் செய்வார். அவருடைய நல்லது எதையும் நான் மறைக்கப் போவதில்லை.

“அம்மா கையை அழகா வரைஞ்சிடு பாப்பா. உனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கும்.”

“இருக்குப்பா.” அவள் தாளை மேசைமேல் விரித்தாள். “இதுல ஒரு வரியை எடுத்துடுங்க. ஒண்ணே ஒண்ணு. பென்சிலைத் தானே கீழே வெச்சான்னு எழுதியிருக்கீங்களே, அது.”

“அதையா? அதுதான் பாப்பா எல்லாரும் அழுவற இடம்.”

“அது நடக்கலையேப்பா.”

“என்ன நடக்கல? அவ வரையறத விட்டாளா இல்லையா?”

“விட்டா.”

“நான் விடச் சொன்னேனா? என்னைக்காவது சொன்னேனா? ஒரு நாள் சொன்னதில்ல. அவளா விட்டா. குடும்பத்துக்காக விட்டா. அதைப் பெருமையாத்தானே எழுதியிருக்கேன்.” டீயை ஆற்றினார். அவர் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று பாப்பா தேடிப் பார்த்தாள். இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எழுதி எழுதி, அவர் அந்த வரிக்குள்ளேயே குடியேறிவிட்டார்.

“ஒரு வருஷம் தொங்கும்பா அது. நான் தினம் ரெண்டு தடவை அதுக்கு முன்னாடி நிக்கணும்.”

“நானும்தானே நிக்கப்போறேன்,” என்றார் அவர், சந்தோஷமாக.

அந்த இரவு பாப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. களைப்பில் தூங்கிவிட்டாள். அடுத்தநாள் பல் கட்டும் கூடத்தில், விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ரோஜா நிற மெழுகுத் தகட்டைச் சூடுகாட்டியபோதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது.

முப்பத்து நாலு வருஷம் முன்னால். ஓர் எட்டு மாடி அலுவலகக் கட்டடம். அதன் மொட்டை மாடியில், மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில்தான் மெக்கானிக் குடும்பம். லிஃப்ட் ஓடும்போதெல்லாம் தண்ணீர்க் குவளையில் வளையம் வளையமாக அலை எழும். அம்மா ஜன்னலோரத்தில் துணியை விரித்துக் குண்டூசி குத்தி, பென்சிலைக் கூராக்கி வரைவாள். மோட்டார் அதிரும்போது கையைத் தூக்கிக்கொள்வாள். நின்றதும் விட்ட இடத்தில் தொடுவாள். கோடு ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. கொடியில் இலை, இலை நுனியில் மொட்டு. “இங்க ஒரு வண்டு வைக்கட்டுமா பாப்பா? கடைக்காரருக்குத் தெரியாம?” என்று கேட்டு, எங்காவது ஒரு பொட்டு வண்டை ஒளித்துவைப்பாள்.

அன்றைக்கு வரைந்து முடித்த துணிமூட்டையைக் கடையில் கொடுக்கக் கிளம்பினார்கள். அம்மா மேல்மாடியில் லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூட்டையைத் தோளில் போட்டபடி, ஒரு கையை நிலைச்சட்டத்தில் ஊன்றி நின்றாள். பாப்பாவுக்கு ஒன்பது வயது. செருப்பு வார் அறுந்துவிட்டது, ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. கீழே மேலாளர் மணியை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் மெக்கானிக்கைப் பார்த்து, “லிஃப்ட் உன் பொண்டாட்டி ஊர்கோலம் போறதுக்கா ஓடுது?” என்று கேட்டிருக்கிறார்.

எட்டு மாடியையும் அப்பா ஓடியே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது, வாயில் வார்த்தை வரவில்லை. மடக்குக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். நிலைச்சட்டத்தில் இருந்த அந்தக் கையைப் பார்த்தார்.

பார்த்தார், கண்ணுகளா. பாப்பா தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் அந்தக் கைக்குப் போனதையும், அங்கே ஒரு கணம் நின்றதையும் பார்த்தாள். அதன் பிறகுதான் இழுத்தார்.

ஆஸ்பத்திரி நடையில், அம்மாவை உள்ளே கூட்டிப்போனபின் அவர் பாப்பா முன்னால் மண்டியிட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். “கேட்டா கதவு தானா மூடிக்கிச்சுன்னு சொல்லு பாப்பா. இல்லேன்னா அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.” வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி வந்து கேட்டாள். பாப்பா சொன்னாள். கணீரென்று சொன்னாள். “சமர்த்து,” என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுதிக்கொண்டு போனாள்.

நசுங்கிய விரல் ஒட்டிக்கொண்டது, ஆனால் நடுக்கணுவில் பக்கவாட்டில் திரும்பி ஒட்டியது. வலது கை ஆள்காட்டி விரல். அம்மா மூன்று மாதம் பென்சிலைப் பிடித்துப் பார்த்தாள். நடுவிரலில் பிடித்தாள், இடது கையில் பிடித்தாள். கொடி நடுங்கியது. கடைக்காரர் இரண்டு தடவை பொறுத்தார், மூன்றாம் தடவை வேறு ஆள் பார்த்துக்கொண்டார். பென்சில்களை எல்லாம் அம்மா பாப்பாவின் பள்ளிக்கூடப் பெட்டியில் போட்டாள். “நீ வரை,” என்றாள். அதன் பிறகு அப்பா அம்மாவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை, கையோங்கினதில்லை. துணி பிழிவது, பாட்டில் மூடி திறப்பது எல்லாம் அவரே செய்தார். ஊரெல்லாம் அவரைக் காட்டி, மனைவியை வைத்துக்கொள்ளத் தெரிந்தவன் என்றது.

“இது எந்தப் பல்லும்மா?” பல் கட்டும் கூடத்து முதலாளி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவள் கையில் இருந்த மெழுகு, சுட்டு விரல் நீளத்துக்கு, நடுவில் திரும்பி நின்றது. “இவ்வளவு பெரிய கோரைப்பல்லை எவன் வாயில மாட்டறது?”

“ஆர்டர் இல்லண்ணே. சும்மா.”

“சும்மாவா? மெழுகு என்ன மரத்துலயா காய்க்குது?”

அவள் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தாள். மூன்று வாரம், வேலை முடிந்து வந்தபின் மாலை வெளிச்சம் போகும்வரை அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். வெறும் பென்சில்தான். நிலைச்சட்டத்தில் ஊன்றிய ஒரு கை. நகம், நரம்பு, மணிக்கட்டில் பழைய தீக்காயம் ஒன்று, கணுவில் திரும்பிய விரல். சட்டத்தின் கம்பியையும் வரைந்தாள். அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்து, “அவ கை அப்படியே இருக்கு,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். விரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கண்காட்சி நாள் வந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. கூடத்தில் ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச்சுற்றி விட்டது. தடுப்பு மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. பிஸ்கட், டீ, பிள்ளைகளுக்குப் பழச்சாறு. ஜோடி ஜோடியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் ‘அவள் கை’க்கு முன்னால் குவிந்துபோனார்கள். நாலாம் மாடி அம்மாள் படித்து முடித்து மூக்கைச் சிந்தினாள்.

“உழைச்சு உழைச்சு விரலே திரும்பிப்போச்சு பாருங்க. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா?”

“ஆமாம்மா,” என்றார் மெக்கானிக் சார். புதுச் சட்டை போட்டிருந்தார். “எங்களுக்காக உழைச்ச கை.”

பாப்பா டீக் குவளையைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். இத்தனை நாள் அவள் நினைத்தது வேறு. படத்தைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள், அல்லது அவராவது துணுக்குறுவார் என்று நினைத்திருந்தாள். அந்த விரலும் அவர் எழுத்துக்குப் பூவாக மாறிவிடும் என்று நினைக்கவில்லை.

இரண்டாம் மாடி நர்ஸக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்துக்கு மூக்கு உரசுகிற தூரத்தில் நின்றாள். ஆஸ்பத்திரியிலேயே தலை நரைத்தவள்.

“இது உழைச்சுத் திரும்பின விரல் இல்லையே சார். வேலை செஞ்சா கணு வீங்கும், இப்படி ஒரு பக்கமா போகாது. இது நசுங்கி, எலும்பு உடைஞ்சு ஒட்டினது.”

எல்லோரும் மெக்கானிக் சாரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் அங்குமிங்கும் போனது.

“அட, ஆமா. வயசாச்சு, மறந்துபோச்சு. லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சு. அப்ப பாப்பா கூட இருந்தா. சின்னப் பொண்ணு. கதவு தானா... நீ சொல்லு பாப்பா. எப்படி நடந்துச்சுன்னு சொல்லு.”

சொல்லு பாப்பா. அதே சொல், அதே கெஞ்சல். முப்பத்து நாலு வருஷம் கழித்து அவர் மறுபடி அவள் முன்னால் மண்டியிட்டதுபோல இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான். சொல்லிவிட்டால் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த வாக்கியம் அவள் நாக்குநுனியில் தயாராக இருந்தது. இத்தனை வருஷத்தில் அது எங்கேயும் போகவில்லை.

அவள் குவளையை ஜன்னல்கட்டையில் வைத்தாள்.

“எனக்குச் சரியா சொல்லத் தெரியலப்பா. நீங்கதானே லிஃப்ட் பார்த்தவர். மடக்குக் கதவு தானா மூடுமா?”

“அது எப்படி மூடும்?”

வாய் முந்திக்கொண்டது. முப்பத்தெட்டு வருஷத்து வாய். சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பி அவர் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

“இப்ப வர்ற கதவு மாதிரியா? அதுக்கு மோட்டாரே கிடையாதும்மா. ஆளு இழுக்கணும். சும்மா இழுத்தா பாதியில நின்னுடும். கைப்பிடியை இப்படிப் பிடிச்சு, தோளைக் கொடுத்து இழுக்கணும். கடைசி நாலு விரக்கடை இருக்கு பாருங்க, அங்கதான் பலம் வேணும், அங்க பூரா பலத்தையும் போட்டு...”

வலது கை முஷ்டியாகி, இல்லாத ஒரு கைப்பிடியைப் பற்றி, நெஞ்சுக்குக் குறுக்கே வேகமாக வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் தன் முஷ்டியைப் பார்த்தார். அதற்கு நேர் எதிரே சுவரில் அந்தக் கை, சட்டத்தில் ஊன்றியபடி இருந்தது.

ஃபேன் மட்டும் கறகறத்தது. முஷ்டியைப் பிரிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

நர்ஸக்கா கண்ணாடியை மெல்ல இறக்கி மாட்டிக்கொண்டாள். கையில் இருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

அப்போது டீச்சர் கைதட்டினார். “என்ன சார் இது! இவ்வளவு நுணுக்கமா சொல்றீங்க, கண்ணு முன்னாடி கதவு வந்து நின்னுடுச்சே! அடுத்து லிஃப்டைப் பத்தி எழுதுங்க!” மற்றவர்களும் தட்டினார்கள். நாலாம் மாடி அம்மாள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். அவர்கள்மேல் குற்றமில்லை. கைதட்டத்தானே வந்தார்கள்.

போகும்போது நர்ஸக்கா பாப்பா பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். “முப்பது வருஷத்துல நான் எத்தனையோ விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கேன்மா,” என்றாள் தாழ்ந்த குரலில். “எல்லாத்துக்கும் கதவு தானாத்தான் மூடியிருக்கு. நானும் அப்படியே எழுதிக்கிட்டு வந்துட்டேன்.”

வீட்டில் அப்பா புதுச் சட்டையைக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். பாப்பா சூப்பைச் சூடுபண்ணி வைத்தாள். ஆறி ஆடை கட்டியது.

“அவ ஒரு நாள்கூடச் சொன்னதில்ல, பாப்பா.”

“ஆமா.”

“நீயும் சொன்னதில்ல.”

“ஆமாப்பா. நாங்க ரெண்டு பேரும் சொல்லல. அதான் நீங்க எழுதிட்டீங்க.”

“அதுக்கப்புறம் நான் எப்படி வெச்சிருந்தேன் அவளை? சொல்லு. ஒரு பக்கெட் தண்ணி தூக்க விட்டிருப்பேனா?”

“விடல. நல்லாத்தான் வெச்சிருந்தீங்க. அவளுக்குப் பென்சில்தான் பிடிக்க முடியல.”

அவர் ஸ்பூனை எடுத்தார், வைத்தார். “நான் கையைப் பார்க்கல பாப்பா. சத்தியமா சொல்றேன். கோவத்துல கண்ணு தெரியல.”

ஒரு பொய்யை இத்தனை நாள் சுமந்தவள், இன்னொன்றுக்குத் தோள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மறுத்துப் பேசவும் அவளால் முடியவில்லை. சூப்பை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினாள்.

சட்டம் போடுவதற்கு நல்ல பிரதி ஒன்று வேண்டும் என்று டீச்சர் மறுநாள் அப்பாவிடம் கேட்டு வாங்கிப் போனார். புதன்கிழமை காலை பாப்பா வேலைக்கு இறங்கியபோது லிஃப்ட் வாசலில் இரண்டும் மாட்டியாகிவிட்டது. வலப்பக்கம் கை. இடப்பக்கம் லிஃப்ட் பழுது எழுதுகிற கையெழுத்து. அவள் வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். பூ வரைந்த கை. ஊரே ஊசி ஓட்டியது. அதன் பிறகு வெறும் தாள். இரண்டு வரி அகலத்துக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் மறுபடி துணி மடிப்பதும் சூப்புக்கு உப்பும்.

பென்சிலைத் தானே கீழே வைத்தாள் என்ற வரியை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வைப்பதற்கு அவரிடம் இருந்த வேறு வரியை எழுதவில்லை. உட்கார்ந்து பார்த்திருப்பார். பேனா வைத்த புள்ளி ஒன்று மட்டும் இருந்தது.

“கவனிச்சியாம்மா?” டீச்சர் பின்னால் வந்து நின்றார், காலை நடை முடித்து வேர்வையோடு. “அந்த இடைவெளி! எழுதாம விட்டே எல்லாத்தையும் சொல்லிட்டாரு உங்கப்பா. முதல்ல எனக்குப் பழைய வரி இல்லையேன்னு இருந்துச்சு. ஆனா இது அதைவிட ஆழம். சங்கத்துல எல்லாருக்கும் இதைத்தான் பாடமா சொல்லப்போறேன்.”

“சொல்லுங்க டீச்சர்,” என்றாள் பாப்பா.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து திரும்பியபோது அப்பா ரொட்டிப் பையோடு வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். லிஃப்ட் வந்து நின்றது. பாப்பா உள்ளே போய், கதவு மூடாமல் இருக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். அவர் சுவரைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். லிஃப்டுக்கே வாழ்க்கைப்பட்டதுபோல் இருந்த மனுஷர், ஐந்து மாடிக்குக் கால்நடையாகக் கிளம்பினார்.

“அப்பா.”

“நீ போ பாப்பா. நான் வந்துடுவேன்.”

கைப்பிடிக் கம்பியில் அவர் மோதிரம் உரசுகிற சத்தம் கேட்டது. நாலு படி, ஒரு மூச்சு. நாலு படி, ஒரு மூச்சு. போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரலாம் என்று அவள் கால் ஒருமுறை எழுந்தது. அம்மாவின் கை சுவரில் இருந்தது. கால் திரும்ப அதே இடத்தில் ஊன்றிக்கொண்டது. முதல் திருப்பத்தில் சத்தம் வெகுநேரம் நின்றுவிட்டு மறுபடி தொடங்கியது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அந்தக் கதவு தானாக மூடுகிற கதவு. மூடிக்கொண்டது.

இன்னும் அந்தக் குடியிருப்பில் அவர் படியில்தான் ஏறுகிறார், உடம்புக்கு நல்லது என்று கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு. அவர்களும் நம்புகிறார்கள்.

எழுந்திருங்கள், கண்ணுகளா, உங்களை நேரத்துக்கு அனுப்பவேண்டும். உங்கள் வீட்டில் யார் கையும் நசுங்காமல் இருக்கட்டும். நசுங்கியிருந்தால் அதைச் சொல்ல ஒரு வாயும், கேட்க ஒரு காதும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பொய்யைச் சுமக்கிற வேலை வராமல் போகட்டும். உங்கள் பென்சில்கள் தேய்ந்து தீரட்டும், கீழே வைத்துத் தீர வேண்டாம். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போங்கள். நன்றாயிருங்கள்.